அரிய ஆங்கிலச் சொற்கள்: பொருளை எப்படி நம்புவது, தமிழில் எப்படிச் சொல்வது?

மயூர்விகார் வாசகி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். தில்லியில் தை பிறந்த பிறகும் குளிர் விடவில்லை. பதினொரு மணிக்கு மேல் மூடுபனி விலகி வெயில் தலைகாட்டியதும் எங்கள் குடியிருப்புப் பெண்கள் நிலக்கடலையும் ஆரஞ்சுப் பழமுமாகப் பூங்காவுக்கு வந்துவிடுவார்கள்; இங்கே வந்த பதினேழு ஆண்டுகளில் நானும் அந்தப் பழக்கத்துக்கு ஆளாகிவிட்டேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை அப்படி உட்கார்ந்திருந்தபோது, பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள், இதற்கு ஆங்கிலத்தில் ‘அப்ரிசிட்டி’ என்று ஒரு சொல் இருப்பதாகவும், குளிர்காலத்து வெயிலின் இதமான சூடு என்பது அதன் பொருள் என்றும் சொன்னாள். பக்கத்தில் இருந்த பஞ்சாபி அம்மையார், தாங்கள் ‘தூப் சேங்க்னா’ என்போம் என்று சொல்லிவிட்டு, தமிழில் என்ன என்று என்னைப் பார்த்தார். தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு வெயிலைத் திட்டுவதற்குத் தெரிந்த சொற்களில் கால் பங்குகூட அதைக் கொண்டாடத் தெரியவில்லை. ‘வெயில் காய்வது’ என்று சொல்லிச் சமாளித்தேன்; ஆனால் அது செய்கையின் பெயரே தவிர, அந்தச் சூட்டின் பெயர் ஆகாது.

என் மகள் இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட சொற்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறாள். பெரும்பாலானவை கைபேசியில் ‘உங்களுக்குத் தெரியாத பத்துச் சொற்கள்’ என்ற வகையில் வருகிற பட்டியல்களிலிருந்து எடுத்தவை. அவற்றுள் எது உண்மையில் வழங்கிய சொல், எது யாரோ நேற்றுக் கட்டிய சொல் என்று எனக்கு விளங்கவில்லை. ‘அப்ரிசிட்டி’க்கும் ஆப்ரிகாட் பழத்துக்கும் உறவு உண்டு என்று வேறு அவள் வாதிடுகிறாள். பள்ளிக் கட்டுரை ஒன்றில் இந்தச் சொல்லைப் போட்டதற்கு ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து, ‘அப்படி ஒரு சொல் இல்லை’ என்று எழுதிவிட்டார்; அதிலிருந்து நோட்டைத் திறக்காமலே இருக்கிறாள். இந்தத் தேடலை ஊக்குவிப்பதா, பாடத்தைப் படி என்று சொல்லிவிடுவதா? இவ்வகைச் சொற்களின் பொருளைச் சரிபார்க்க நல்ல வழி எது? அந்த வெயிலுக்குத் தமிழில் ஒரு பெயரும் வேண்டும்.

ஆர்.கே.புரம் ஓய்வூதியர்:

அம்மா, மைய அரசில் மொழிபெயர்ப்புப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் அகராதிகளோடு குடித்தனம் நடத்தியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். முதலில் உங்கள் மகளுக்கு ஆறுதலாக ஒன்று: அந்தச் சொல் இருக்கிறது. ஹென்றி காக்கரம் என்பவர் 1623இல் வெளியிட்ட ஆங்கில அகராதியில், குளிர்காலச் சூரியனின் வெதுவெதுப்பு என்ற பொருளோடு அது பதிவாகியுள்ளது. வெயில் படுகிற இடத்தைக் குறிக்கும் ‘அப்ரீகுஸ்’ என்ற லத்தீன் சொல்லே அதன் வேர். ஆனால் ஆசிரியர் அடித்ததிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அகராதிக்கு வெளியே, மனிதர்கள் எழுதிய கடிதத்திலோ கதையிலோ அந்தச் சொல் நடமாடியதற்கான தடயம் மிக அரிது. அகராதியில் பிறந்து அகராதியிலேயே உறங்கி, அண்மைக் காலத்தில் இணையத்தில் கண் விழித்த சொல் அது. எனவே, ‘இல்லை’ என்பதற்குப் பதிலாக ‘வழக்கில் இல்லை’ என்று ஆசிரியர் எழுதியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

ஆப்ரிகாட்டுக்கு இந்த வேர் கிடையாது. சீக்கிரம் பழுப்பது என்ற பொருளுள்ள லத்தீன் சொல் கிரேக்கத்துக்கும் அங்கிருந்து அரபுக்கும் போய், அரபியின் ‘அல்’ என்ற முன்னொட்டையும் சுமந்துகொண்டு ஐரோப்பாவுக்குத் திரும்பி வந்ததில் பிறந்தது அந்தப் பழத்தின் பெயர். ஒலி ஒற்றுமையை உறவு என்று நம்பிவிடுவது சொல்லாராய்ச்சியில் எல்லோரும் ஒரு முறையாவது விழுகிற பள்ளம், நானும் விழுந்திருக்கிறேன்.

அரிய சொல்லைச் சேகரிப்பது வீண் வேலையா என்று கேட்டீர்கள். ஆங்கிலத்தில் அகராதிக் கலையே அந்த வேலையிலிருந்துதான் தொடங்கியது. ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் முதல் அகராதியாகக் கருதப்படுவது, 1604இல் ராபர்ட் காட்ரி என்ற பள்ளி ஆசிரியர் வெளியிட்ட நூல். அதில் இருந்தவை ஏறத்தாழ 2,500 சொற்கள். அத்தனையும் கடினச் சொற்கள். ‘நாய்’, ‘சோறு’ போன்றவற்றுக்கு யாரும் பொருள் தேடமாட்டார்கள் என்பதால் அவற்றைச் சேர்க்கும் எண்ணமே அக்காலத்தில் எழவில்லை. காக்கரமின் நூலும் அதே வழியில் வந்ததுதான். லத்தீனையும் கிரேக்கத்தையும் கரைத்துப் புதுச் சொல் வார்ப்பதில் அன்றைய படித்தவர்களுக்கு இருந்த மோகத்தைக் கிண்டல் செய்தவர்கள், அவற்றை மைக்கூட்டுச் சொற்கள் என்று அழைத்தார்கள். நாவிலிருந்து பிறக்காமல் மைக்கூட்டிலிருந்து பிறந்தவை என்று அர்த்தம். கிண்டல் செய்யப்பட்டவற்றில் பல இன்று சாதாரணச் சொற்களாகிவிட்டன, ‘அப்ரிசிட்டி’ போன்றவை கரை ஒதுங்கிவிட்டன என்பதுதான் இதில் சுவையான செய்தி.

சரிபார்க்கும் வழிக்கு வருகிறேன். பொருளை மட்டும் தருகிற பட்டியலை நம்பாதீர்கள்; எந்த ஆண்டில், யாருடைய எழுத்தில், எந்த வாக்கியத்தில் அந்தச் சொல் வந்தது என்று காட்டும் அகராதியை நம்புங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் பெருமை இதில்தான் இருக்கிறது. 1857இல் பேசத் தொடங்கி, 1884இல் முதல் பகுதியை வெளியிட்டு, 1928இல் முடித்த அந்த முதல் பதிப்புக்காக, ஆயிரக்கணக்கான தன்னார்வ வாசகர்கள் தாங்கள் படித்த நூல்களிலிருந்து வாக்கியங்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி அஞ்சலில் அனுப்பினார்கள். அவ்வளவு கவனத்தையும் மீறி ‘பாண்ட்மெய்ட்’ என்ற சொல்லின் சீட்டுகள் எங்கோ தொலைந்து, அந்தச் சொல் இல்லாமலேயே அதற்குரிய தொகுதி அச்சாகிவிட்டது.

சொல் தொலைவது ஒருபுறம் இருக்க, இல்லாத சொல் நுழைந்துவிடுவதும் உண்டு. 1934இல் வெளிவந்த வெப்ஸ்டர் பேரகராதியில் ‘டார்ட்’ என்று ஒரு சொல் அடர்த்தி என்ற பொருளோடு இடம்பெற்றது. உண்மையில் நடந்தது என்னவென்றால், அடர்த்திக்குச் சுருக்கமாகப் பெரிய ‘டி’ அல்லது சிறிய ‘டி’ என்ற எழுத்தைப் பயன்படுத்தலாம் என்று ஒரு சீட்டில் குறிப்பு இருந்தது. ‘அல்லது’ என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லையும் இரண்டு எழுத்துகளையும் யாரோ சேர்த்துப் படித்து ஒரே சொல்லாக்கிவிட்டார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1939இல்தான் பதிப்பாசிரியர் ஒருவர் கண்டுபிடித்தார். அதுவும் அந்தச் சொல்லுக்கு வேர் விளக்கம் தரப்படாதது அவர் கண்ணில் உறுத்தியதால். திட்டமிட்டே பொய்ச் சொல் வைப்பதும் நடந்திருக்கிறது. 2001இல் வந்த நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதியில், தங்கள் உழைப்பை நகலெடுப்பவர்களைப் பிடிப்பதற்காகப் பதிப்பாளர்கள் ‘எஸ்க்விவேலியன்ஸ்’ என்ற கற்பனைச் சொல்லைச் சேர்த்திருந்தார்கள். பொறுப்பைத் தட்டிக்கழித்தல் என்று அதற்கு ஒரு குறும்பான பொருளையும் கொடுத்திருந்தார்கள்.

கடைசியாக ஒரு சொந்த அனுபவம். பணியில் இருந்தபோது, மொழிபெயர்ப்பைப் பற்றி எதுவும் அறியாத ஒரு பிரிவு எங்கள் வரைவில் திருத்தம் போட்டு அனுப்பியது. எரிச்சலில் நான் கோப்பில் எழுதிய குறிப்பில் ‘அல்ட்ராகிரெபிடேரியன்’ என்ற சொல்லைப் பயன்படுத்திவிட்டேன். தனக்குத் தெரியாத துறையில் தீர்ப்புச் சொல்பவர் என்று பொருள். கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட் 1819இல் கையாண்ட சொல். அப்பெல்லஸ் என்ற கிரேக்க ஓவியர் வரைந்த படத்தில் செருப்பின் பிழையைச் சுட்டிய செருப்புத் தொழிலாளி, அடுத்த நாள் படத்தில் இருந்தவரின் காலிலும் குறை சொல்ல வந்தபோது, செருப்புக்கு மேலே போகாதே என்று ஓவியர் தடுத்ததாக ஒரு பழங்கதை உண்டு, அதிலிருந்து பிறந்தது. என் மேலதிகாரியிடமிருந்து கோப்பு ‘ப்ளீஸ் ஸ்பீக்’ என்ற இரண்டே சொற்களோடு திரும்பி வந்தது. அவர் அறைக்குப் போய் அரை மணி நேரம் பேசினேன், பேசினேன் என்பதைவிடக் கேட்டுக்கொண்டேன் என்பது சரி. ஆகவே சேகரிக்கட்டும்; கட்டுரையில் போடுவதற்கு முன் படிப்பவர் யார் என்று ஒரு முறை யோசிக்கட்டும்.

இரவுப்பணிச் செவிலி:

ஓய்வூதியர் ஐயா எழுதியவற்றை ரசித்துப் படித்தேன். ஆனாலும் ‘வழக்கில் இல்லாத சொல்’ என்று முடிவு கட்டுவதற்கு முன், யாருடைய வழக்கில் என்று கேட்க வேண்டும் என்பது என் கருத்து. நான் தில்லி மருத்துவமனை ஒன்றில் பணிபுரிகிறேன். கைபேசிப் பட்டியல்களில் அதிசயம் போலக் காட்டப்படும் சொற்களில் சில எங்கள் நோயாளிக் குறிப்பேட்டில் சாதாரணமாக வருகின்றன. மூக்கிலிருந்து ரத்தம் வடிந்தால் ‘எபிஸ்டாக்ஸிஸ்’, காதில் ரீங்காரம் கேட்டால் ‘டின்னிடஸ்’, விக்கல் நிற்காவிட்டால் ‘சிங்கல்டஸ்’. ஒரு முறை விக்கலுக்காகச் சேர்க்கப்பட்ட பெரியவரின் மகன் குறிப்பேட்டை எட்டிப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு என்ன பெரிய நோய் என்று முகம் வெளுத்துக் கேட்டார். விக்கல் என்று சொன்னதும் அவருக்கு வந்த கோபம் நியாயமானது.

இந்தச் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்த மாணவப் பருவத்தில் எனக்குக் கைகொடுத்தது தமிழ்தான். ‘ஹாரிபிலேஷன்’ என்ற சொல் நெடுநாள் மனத்தில் தங்கவில்லை. சிலிர்த்து நிற்றல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையும், மயிர் என்ற பெயரும் சேர்ந்தது அது என்று ஒரு நாள் தெரிந்ததும், இது நம் மயிர்க்கூச்செறிதல் அல்லவா என்று தோன்றியது. அதன் பிறகு மறக்கவே இல்லை. ‘பாண்டிகுலேஷன்’ என்றால் சோம்பல் முறித்தல். பசித்த வயிறு கடமுடவென்று உருளுவதற்குப் பெயர் ‘பார்பரிக்மஸ்’. கிரேக்கர்கள் அந்த ஓசையை அப்படிக் கேட்டிருக்கிறார்கள், நாம் கடமுட என்று கேட்கிறோம். கை மரத்துப்போனால் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்று நம் ஊர் நோயாளிகள் சொல்வார்கள். அதே உணர்வுக்கு மருத்துவத்தில் உள்ள ‘ஃபார்மிகேஷன்’ என்ற சொல்லும் எறும்பைக் குறிக்கும் ‘ஃபார்மிகா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்தே வந்தது. அதைப் படித்தபோது, எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பு ஏதோ ஒரு ரோமானியருக்கும் எங்கள் ஊர்ப் பாட்டிக்கும் கையில் ஒரே எறும்பு ஊர்ந்திருக்கிறது என்று எண்ணிச் சிரித்தேன்.

உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள் அக்கா. இரண்டு புருவங்களுக்கும் நடுவில் நாம் பொட்டு வைக்கிற இடத்துக்கு ஆங்கிலத்தில் ‘கிளபெல்லா’ என்று பெயர். மயிர் இல்லாமல் வழவழப்பானது என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. மேலுதட்டுக்கு மேலே உள்ள பள்ளம் ‘ஃபில்ட்ரம்’, நக அடியில் தெரியும் வெண்பிறை ‘லூனுலா’, அதாவது சிறு நிலா. இவை செத்த சொற்கள் அல்ல, தேவைப்படுபவர்கள் தினமும் பயன்படுத்துபவை. நோட்டில் இவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கலாம்.

துவாரகா பொறியாளர்:

சுருக்கமாக ஒன்று. நான் ராஜஸ்தானில் சிறு நீர்த்தேக்கத் திட்டங்களில் வேலை பார்த்தவன். அங்கே ஓடையை மறித்துக் கட்டும் சிறு தடுப்பணையை அலுவலர்களும் கிராமத்தாரும் ‘எனிகட்’ என்கிறார்கள். இந்தியில் எழுதப்பட்ட பலகையில் அந்தச் சொல்லை முதன்முதலில் பார்த்தபோது ஏதோ ராஜஸ்தானிச் சொல் என்றே நினைத்தேன். பிறகுதான் அது நம் அணைக்கட்டு என்று உறைத்தது. காவிரிக் கரையில் ஆங்கிலேயர்கள் காதில் விழுந்த சொல், ‘ஆனிகட்’ என்று ஆங்கிலப் பொறியியல் நூல்களில் ஏறி, அங்கிருந்து பாலைவனத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆங்கிலேயர்களுக்குக் கல்லணை ‘கிராண்ட் ஆனிகட்’ ஆனது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த நான் அதை ஜோத்பூர்ப் பக்கத்தில் தெரிந்துகொண்டேன்.

இவ்வகைச் சொற்களுக்கென்றே யூலும் பர்னெலும் தொகுத்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்ற அகராதி 1886இல் வெளிவந்தது. அவர்களுள் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். நூல் அச்சில் வருவதற்கு முன்பே, 1882இல், இறந்துவிட்டார். சுருட்டு ‘செரூட்’ ஆனதும், மிளகுத்தண்ணீர் ‘மல்லிகாட்டானி’ ஆனதும், கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆனதும் அதில் மேற்கோள்களோடு கிடைக்கும். உங்கள் மகளுக்கு அது பட்டியல்களைவிடச் சுவையாக இருக்கும். ஆனால் நம்மவர்கள் எல்லா ஆங்கிலச் சொல்லையும் தமிழ் என்று உரிமை கொண்டாடும் பழக்கத்தை அவளிடம் வளர்த்துவிட வேண்டாம். ‘டிஃபன்’ நம் சொல் என்று சூளுரைப்பவர்களை அறிவேன். அது ஆங்கிலேயர்களின் பேச்சு வழக்கிலிருந்து வந்தது.

இலக்கண ஆசிரியை:

வெயிலுக்குப் பெயர் கேட்ட பகுதியை எல்லோரும் நழுவவிட்டதால் நான் எடுத்துக்கொள்கிறேன்.

‘காய்தல்’ என்ற வினை தமிழில் இரண்டு பக்கமும் கூரானது. நெருப்பருகே இதமாக உட்கார்வதும் காய்தல்தான், சுட்டெரிப்பதும் காய்தல்தான். அரசரிடம் மிக விலகாமலும் மிக நெருங்காமலும் பழக வேண்டும் என்று சொல்லும் குறளில் வள்ளுவர் ‘தீக்காய்வார்’ என்கிறார். அது இதமான காய்தல். (தில்லியில் அலுவலகம் போகிறவர்களுக்கு அந்தக் குறளுக்கு உரை தேவையில்லை.) கணவன் கள்வனா என்று சூரியனிடம் கேட்கும் கண்ணகி அவனைக் ‘காய்கதிர்ச் செல்வன்’ என்று விளிக்கிறாள், அங்கே கதிர் சுடுகிறது. எனவே ‘காய்வெயில்’ என்று வினைத்தொகை செய்தால், கேட்பவர் சித்திரை வெயிலை நினைத்துவிடுவார். ‘இளவெயில்’ நல்ல சொல்தான். ஆனால் அது காலை நேரத்தைக் காட்டுகிறது, குளிர்காலத்தைக் காட்டவில்லை. தில்லியில் மதியம் ஒரு மணி வெயிலும் இளவெயிலாகத்தான் இருக்கும் என்பது வேறு விஷயம்.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தபோது மார்கழியையும் தையையும் முன்பனி என்றும், மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றும் பெயரிட்டார்கள். தில்லியின் கடுங்குளிர் சரியாக அந்த முதல் இரண்டு மாதங்களில்தான் விழுகிறது. ஆகவே ‘முன்பனி வெயில்’ என்று சொல்லிப் பாருங்கள். சொல்லுக்கு விளக்கம் தர வேண்டியதில்லை, சூடும் குளிரும் இரண்டுமே அதில் இருக்கின்றன.

சொற்களின் பொருளைத் தேடும்போது ஆண்டைப் பார்க்க வேண்டும் என்று ஓய்வூதியர் ஐயா சொன்னதற்கு ஒரு காரணத்தை நானும் சேர்க்கிறேன். சொல் அப்படியே இருக்க, பொருள் தலைகீழாகிவிடும். இன்று நல்லது என்று பொருள்படும் ‘நைஸ்’, அறியாமையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்து, முதலில் மூடத்தனத்தைக் குறித்தது. இன்று அசட்டுத்தனத்தைக் குறிக்கும் ‘சில்லி’, பழைய ஆங்கிலத்தில் பேறு பெற்ற நிலையைக் குறித்தது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். உடனே நான் நாற்றத்தை இழுப்பேன். திருமாலின் வாய்ச்சுவையையும் நறுமணத்தையும் சங்கிடம் கேட்கும் ஆண்டாள், கருப்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ என்கிறாள். அன்று மணந்தது இன்று மூக்கைப் பொத்த வைக்கிறது. ஒரு மாணவி, அப்படியானால் எதிர்காலத்தில் வாசனை என்ற சொல்லும் கெட்டுவிடுமா என்று கேட்டாள். வீட்டில் ஏதோ வாசனை வருகிறதே என்று முகம் சுளித்துச் சொல்பவர்களை நினைத்துப் பார்த்துவிட்டு, தொடங்கிவிட்டது என்றேன்.

முனீர்க்கா மாணவன்:

மூத்தவர்கள் நடுவில் ஒரு சிறு சேர்க்கை. ‘ஓவர்மாரோ’ என்று ஒரு பழைய ஆங்கிலச் சொல் உண்டு. நாளை மறுநாள் என்று பொருள். 1535இல் கவர்டேல் வெளியிட்ட விவிலிய மொழிபெயர்ப்பில் வருகிறது. பிறகு வழக்கொழிந்துவிட்டதால் இன்று ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஒரு சொற்றொடரே தேவைப்படுகிறது. இந்தியில் ஒரே சொல் இருக்கிறது, ‘பர்ஸோன்’. ஆனால் அது நாளை மறுநாளையும் குறிக்கும், முந்தாநாளையும் குறிக்கும். நான் தில்லிக்கு வந்த புதிதில், தண்ணீர்க்குழாய் பழுது பார்ப்பவர் பர்ஸோன் என்று சொன்னதை, ஏற்கெனவே வந்துவிட்டுப் போனதாகப் புரிந்துகொண்டு வீட்டு உரிமையாளரிடம் சண்டை போட்டேன். நோட்டில் இந்த மூன்று மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மயூர்விகார் வாசகி:

அனைவருக்கும் நன்றி. உங்கள் பதில்களை மகளுக்குப் படித்துக் காட்டினேன். ஆப்ரிகாட்டில் தோற்றதைவிட, ‘டார்ட்’ என்ற சொல் தன் நோட்டில் நாற்பத்தோராம் எண்ணில் இருந்ததுதான் அவளுக்கு அதிர்ச்சி. அடர்த்தி என்று அழகாகப் பொருளும் எழுதியிருந்தாள். அதை அடிக்காமல், பக்கத்தில் ஆண்டை எழுதி, பொய்ச் சொல் என்று குறித்து வைத்திருக்கிறாள். இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஆண்டுக்காக ஒரு கட்டம் போட்டாகிவிட்டது. பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது. 2012இல் ஓர் அமெரிக்கர் உருவாக்கிய ‘சாண்டர்’ என்ற சொல்லைப் பல நூற்றாண்டுப் பழமையானது என்று நினைத்திருந்தாளாம். வழியில் போகும் முகம் தெரியாத ஒவ்வொருவருக்கும் நம்முடையதைப் போலவே ஒரு முழு வாழ்க்கை உண்டு என்று உணர்தல் அதன் பொருள். புதிதாக இருந்தாலும் அதை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். வைத்துக்கொள் என்றேன்; மெட்ரோவில் போகும்போது தேவைப்படும்.

ஞாயிற்றுக்கிழமை மகிளா ஹாட்டில் நடக்கும் பழைய புத்தகச் சந்தைக்குப் போனோம். முன்பு நாங்கள் போனது, அது தரியாகஞ்ச் நடைபாதையில் இருந்தபோது. 2019இல் இடம் மாறிய பிறகு இதுதான் முதல் முறை. பேரகராதி எதுவும் எங்கள் விலைக்குக் கிடைக்கவில்லை. அட்டை கிழிந்த ஒற்றைத் தொகுதி அகராதி ஒன்றை வாங்கினோம். அதில் ‘அப்ரிசிட்டி’ இல்லை. முந்தைய உரிமையாளர் பென்சிலால் அடிக்கோடிட்ட சொற்கள் மட்டும் நிறைய இருக்கின்றன.

‘முன்பனி வெயில்’ எனக்குப் பிடித்துவிட்டது. நேற்று அம்மாவிடம் தொலைபேசியில் பேசும்போது, முன்பனி வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னேன். பனியில் உட்காராதே, சளி பிடிக்கும் என்றார்.